பரமனுக்கு ஒன்றுமில்லை

ரெஹானா கண்டுபிடித்துவிட்டாள். பால்துரையால் அதைத் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

மலையடிவாரத்தில் ஒரு குடும்பம். அதில் பலருக்கு முதலில் பார்வை மங்கும், பிறகு மூளையும் பாதித்து நடை தள்ளாடும். அதற்குக் காரணமான மரபணுவைத் தேடியே பால்துரை பாதித் தலைமுடியை இழந்திருந்தான். ரெஹானா நேற்று வந்தவள். அவன் வீடு வீடாக அலைந்து எடுத்துவந்த ரத்தத்திலேயே, எந்த மரபணுவில் பிழை என்று பிடித்துவிட்டாள். ஆய்வகத்தில் எல்லோருக்கும் பாதுஷா கொடுத்தாள். பால்துரையும் ஒன்று எடுத்துக்கொண்டான். பாதி கடித்து, மீதியைக் காகிதத்தில் சுற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

வாழ்த்துச் சொன்னான், கையும் குலுக்கினான்.

அன்றிலிருந்து அவள் முடிவில் ஓட்டை தேடுவதே அவன் வேலையாயிற்று. தேடியவனுக்குப் பரமன் கிடைத்தார். அதே குடும்பத்தின் நடுப்பிள்ளை. அண்ணனையும் தங்கையையும் முப்பது வயதுக்குள் நோய் பிடித்துவிட்டது. இவர் நாற்பதைத் தாண்டியும் மலைப்பாதையில் மினிபஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். அவருடைய ரத்தம் பிந்தித்தான் வந்தது. பால்துரையே சோதித்தான். அதிலும் அதே பிழை இருந்தது.

அவனுக்குக் கால் தரையில் பாவவில்லை. இருவருக்கும் வழிகாட்டியான வேதநாயகி மேடத்தின் அறைக்கு ஓடினான்.

“மேடம், ரெஹானா சொன்னது தப்பு. பரமனுக்கும் அந்தப் பிழை இருக்கு. ஆனா அவருக்கு ஒண்ணுமே இல்லை.”

“பார்த்தியா?”

“ரெண்டு தடவை பார்த்துட்டேன் மேடம்.”

“ரத்தத்தைக் கேக்கலை. ஆளைப் பார்த்தியா?”

பால்துரை தலையைச் சொறிந்தான். “போன்ல கேட்டேன். கண்ணு நல்லாத் தெரியுதுன்னார்.”

“வரச் சொல்லு.”

மறுநாள் பால்துரை நெற்றியில் விபூதியோடு வந்தான். அவன் கோயில் பக்கம் ஒதுங்குகிற ஆள் இல்லை. மேடம் அவனை ஏறிட்டுப் பார்த்தார்.

“பரமன் நல்லா இருக்கணும்னு வேண்டிக்கிட்டு வர்றேன் மேடம்.”

“நல்ல வேண்டுதல்தான்” என்றார் அவர்.

ரெஹானா ஓரமாக நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்க்கப் பால்துரைக்குக் குளுகுளுவென்று இருந்தது.

பரமன் காக்கிச் சட்டையும் ஒரு பை கொய்யாப்பழமுமாக வந்து சேர்ந்தார்.

“எங்க அண்ணனுக்கும் தங்கச்சிக்கும்தாங்க கண்ணு போச்சு. எனக்கு ஒண்ணுமில்ல. கண்ணைக் கட்டி விட்டாலும் மேல் வளைவு வரைக்கும் பஸ்ஸைக் கொண்டுபோயிருவேன்.”

சுவரிலிருந்த எழுத்துப் பலகையைக் கடைசி வரி வரை கடகடவென்று படித்தார். பால்துரை ரெஹானாவைப் பார்த்துப் புன்னகைத்தான்.

மேடம் அலமாரியிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து மேசைமேல் கவிழ்த்தார். பல நிறங்களில் சின்னச் சின்ன வில்லைகள்.

“நிறம் ஒண்ணுக்கொண்ணு ஒட்டி வர்ற மாதிரி இதுகளை வரிசையா அடுக்குங்க.”

பரமன் சிரித்துக்கொண்டே அடுக்கினார். பாதியில் கை நின்றது. ஒரு வில்லையை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார்.

“இதுவும் இதுவும் ஒரே கலர்தானே மேடம்? எதுக்கு ரெண்டு வச்சிருக்கீங்க?”

ஒன்று நீலம், மற்றது பச்சை.

அந்த நோய் எழுத்துப் படிக்கும் பார்வைக்கு முன்னால் நிறம் பிரிக்கும் பார்வையைத்தான் கொண்டுபோகும். அது அங்கே மூன்று பேருக்குத் தெரியும். பரமனுக்குத் தெரியாது.

ரெஹானா ஜெயித்துவிட்டாள். ஆனால் அவள் முகம் சுண்டிப்போயிருந்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பரமன் பக்கத்தில் உட்கார்ந்து, “சாப்பிட்டீங்களாண்ணே?” என்று கேட்டாள்.

மேடம் வெளியே வந்தார். பால்துரையும் பின்னாலேயே வந்தான். அவன் குரல் உடைந்திருந்தது.

“தோத்துட்டேன் மேடம். நாய் மாதிரி அலைஞ்சது நானு. பேரு அவளுக்கு.”

மேடம் கண்ணாடிக் கதவு வழியாக உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். பரமன் வில்லைகளைக் கலைத்துவிட்டு முதலிலிருந்து அடுக்க ஆரம்பித்திருந்தார்.

“காலைல கோயில்ல என்ன வேண்டிக்கிட்டே?”

“பரமன் நல்லா இருக்கணும்னு.”

“அதை ஏன் நிறுத்திட்டே?”