முறை மாறாத காவல்

மலை உச்சியில் இருக்கவேண்டிய மேகம் அன்று காலை இறங்கி மடத்துக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டது. சுடர் தெரிந்தது. அகல் தெரியவில்லை.

கட்டிலில் அருளாயி அம்மை படுத்திருந்தார். மடத்தின் குரு அவர்தான். வயது நாற்பத்தாறு. நிணநீர்ப் புற்றுநோய் என்று சொல்லி மூன்று மாதம் ஆகிறது. கழுத்தில் நெல்லிக்காய் அளவு இருந்த கட்டி, மூன்று சுற்று மருந்து ஏறியபின் சுண்டைக்காயாகச் சுருங்கியிருந்தது.

பக்கத்தில் சீடர் மாசிலாமணி. அறுபத்திரண்டு வயது. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்று மடத்துக்கு வந்தவர். மூன்று மாதமாக அந்தக் கட்டிலை விட்டு நகரவில்லை.

மடத்தில் இருக்கும் கோமளவல்லி, "கொஞ்ச நேரம் நான் பார்த்துக்கிறேன்" என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டாள். நோயாளிகளைப் பார்த்துக்கொள்பவர்கள் வியாழன்தோறும் மருத்துவமனையில் கூடிப் பேசுகிறார்கள், வாருங்கள் என்று நர்ஸ் கூப்பிட்டதற்கும் அவர் போகவில்லை. அன்பு கண்ணை மறைக்கும் என்பார்கள். இவருக்குத் தூக்கமும் சேர்ந்து மறைத்தது.

மாத்திரையை எடுத்து நீட்டினார்.

"கண்டக்டரே, இதை இப்பத்தானே கொடுத்தீங்க?"

அவர் கை நின்றுவிட்டது. ஒரு நாளைக்கு ஒன்றுக்கு மேல் ஆகாது என்று டாக்டர் திரும்பத் திரும்பச் சொன்ன மாத்திரை அது.

"கனவுல கொடுத்தேன்னு நினைச்சேம்மா."

"அப்ப முழிச்சிருந்தீங்க. இப்பத்தான் கனவு."

மாசிலாமணிக்கு அழுகை வந்துவிட்டது. மேகத்துக்குள் தன் கை யாருடைய கையோ போல மிதப்பதைப் பார்க்கப் பார்க்கப் பயமாக இருந்தது.

"நானே உங்களைக் கொன்னிருப்பேம்மா."

சத்தம் கேட்டு கோமளவல்லி வாசலில் வந்து நின்றாள்.

"இப்பவாவது போய்ப் படுங்கண்ணே. நான் இருக்கேன்ல?"

"வேண்டாம் தாயி. இனிமே ஜாக்கிரதையா இருப்பேன்."

மேகம் ஜன்னல் வழியாக மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. மாசிலாமணி முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

"இந்த நோய்தான் என்னம்மா? மூணு மாசமா பேரைச் சொல்றேன். ஒண்ணும் புரியல."

"நான் டாக்டர்கிட்ட கேட்டேன். உடம்பு பூரா காவலுக்கு அணுக்கள் இருக்காம். நிணநீரோட சுத்திச் சுத்தி வருமாம். கிருமி வந்தா பிடிக்குமாம்."

"நல்லதுதானே?"

"ரொம்ப நல்லது. தன் காலம் முடிஞ்சதும் அது போயிடணும். அடுத்தது வந்து நிக்கும்."

"டிப்போவுல டியூட்டி மாத்துற மாதிரி."

"அதேதான். அதுல ஒண்ணு போகமாட்டேன்னு நின்னுடுச்சு. அது மாதிரியே பெருகிப் பெருகி, அங்கங்கே குவிஞ்சு கட்டியாயிடுச்சு."

மாசிலாமணி யோசித்தார். கோபம்கூட வந்தது.

"காவலுக்கு வந்தது இப்படிப் பண்ணலாமா? ஆளையே கொல்லப் பாக்குதே!"

அம்மை அவர் விரல்களைப் பிரித்து மாத்திரையை எடுத்தார். கோமளவல்லியைக் கிட்டே கூப்பிட்டு அவள் கையில் வைத்தார்.

"டியூட்டி முடிஞ்சும் இறங்கமாட்டேங்குறவன் உள்ளே ஒருத்தன் இருக்கான். வெளியே இன்னொருத்தர் வேண்டாம், கண்டக்டரே."