செல்லாத்தாள் கூப்பிட்ட மணி

மணி என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். கோயிலில் தொங்குவதும் மணி, கடிகாரம் காட்டுவதும் மணி, கழுத்தில் கோத்துப் போடுவதும் மணி. தெருவில் நின்று "மணீ!" என்று ஒரு சத்தம் கொடுத்தால் நாலு ஆளும் ஒரு நாயும் திரும்பிப் பார்க்கும். அப்பேர்ப்பட்ட பெயரை ஒரு கிழவி சாகும்போது சொல்லிவிட்டுப் போனால் ஊர் என்ன பாடு படும்? காங்கயம் பக்கத்தில் ஓர் ஊர் அந்தப் பாடு பட்டது. காதைக் கொடுத்துக் கேளுங்கள், முடிவில் உங்களைத்தான் கேட்கப்போகிறேன்.

அந்த ஊரில் மணிமேகலை என்று ஒருத்தி. தறிக்காரர் வீட்டில் பிறந்து தறிக்காரருக்கே வாழ்க்கைப்பட்டவள். மாடு கன்று பற்றி ஒன்றும் தெரியாமல் வந்தவளுக்குப் பால் கறக்கக் கற்றுக்கொடுத்தது பக்கத்து வீட்டுச் செல்லாத்தாள். செல்லாத்தாளுக்குப் பிள்ளைகுட்டி இல்லை. புருஷன் மணியன் போய்ச் சேர்ந்து பன்னிரண்டு வருஷம். இருந்ததெல்லாம் ஒரு பசுதான்.

விடிந்ததும் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வரும். "மேகலை, எத்தனை ஆச்சு?"

"ஆறு ஆச்சு ஆத்தா."

பொழுது சாய்ந்து கோயிலில் மணி அடித்தால், "சாமிக்கு அடிச்சாச்சு, கறக்க வா" என்பாள் செல்லாத்தாள். ரேஷன் கடையில் வீட்டுக்காரர் பெயரைக் கேட்டால் அட்டையை நீட்டிவிட்டு மேகலையின் முகத்தைப் பார்ப்பாள். மேகலைதான் சொல்ல வேண்டும்.

போன வருஷம் மேகலையின் புருஷன் தறிப்பட்டறையில் விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டான். அதிலிருந்து செல்லாத்தாள் கொடுத்த பாலில்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது. அந்தப் பாலும் நின்றால் மூத்த பெண் படிப்பை விட்டுவிட்டு மில்லுக்குப் போக வேண்டியதுதான்.

இப்படியிருக்க, செல்லாத்தாளுக்குக் காய்ச்சல் கண்டது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் காலையில், "மேகலை, கடையில மாட்டுக்கு ஒரு புதுக் கயிறு வாங்கிட்டு வா" என்றாள்.

"இருக்கிற கயிறு நல்லாத்தானே இருக்குது ஆத்தா?"

"சொன்னாச் செய்யேன்டி!"

வாங்கி வந்தாள். செல்லாத்தாள் பழைய கயிற்றை அவிழ்த்து எடுத்துப்போய்த் தன் வீட்டு ஆணியில் மாட்டினாள். புதுக் கயிற்றை மேகலையையே கட்டச் சொன்னாள். காய்ச்சல் வேகத்தில் என்னமோ செய்கிறாள் என்று மேகலை விட்டுவிட்டாள்.

ஆட்டோக்காரன் சுப்பிரமணிதான் ஏற்றிப்போனான். "சுப்பு, பள்ளம் பார்த்து ஓட்டு" என்று வழியெல்லாம் முனகினாள் கிழவி. மூன்றாம் நாள் திருப்பூரிலிருந்து கொழுந்தன் மகன் வேலுமணி வந்தான். "வந்துட்டியா வேலு" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். அன்று சாயங்காலம் மூச்சு வாங்கியது. சுப்பிரமணி குனிந்து, "ஆத்தா, மாட்டை யாருகிட்ட விடட்டும்?" என்று கேட்டான்.

செல்லாத்தாள் அவனைப் பார்க்கவில்லை. ஆளில்லாத வாசற்படியைப் பார்த்தாள். நழுவிய முந்தானையை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, எழுந்திருக்கப் பார்த்தாள். "மணி" என்றாள்.

"ஆறேகால் பாட்டி" என்றாள் நர்ஸ். அத்தோடு பேச்சு நின்றது. கொஞ்ச நேரத்தில் உயிரும் போனது.

காரியம் முடிந்த மறுநாளே வழக்கு பால் சொசைட்டித் தலைவர் ராக்கியப்பனிடம் வந்தது. வேலுமணி, "என் பேர்லயும் மணி இருக்குது, ரத்த சொந்தமும் நான்தான்" என்றான். சுப்பிரமணி விடுவானா? "கேட்டவன் நான், பதில் எனக்குத்தான். மணி ஆட்டோன்னு வண்டியிலேயே எழுதியிருக்குதே, தெரியலையா?" என்றான். மேகலையும் வந்திருந்தாள். கட்டிலில் கிடந்த புருஷன்தான், "நீயும் மணிதானே, போய்க் கேளு" என்று விரட்டி அனுப்பியிருந்தான்.

ராக்கியப்பன் நல்ல மனுஷர். "ஏம்மா மேகலை, சாணி அள்ளினவ நீ. ஆத்தா உன்னையத்தான் சொல்லியிருக்கும். ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லு, மாட்டை ஓட்டிட்டுப் போ" என்றார்.

ஒரே ஒரு வார்த்தை! மூத்த பெண் அங்கே ஓட்டி வந்திருந்த பசுவின் பக்கத்தில் நின்று அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேகலை மகளைப் பார்த்தாள், மாட்டைப் பார்த்தாள். சொல்லித் தொலைத்தால்தான் என்ன?

"இல்லீங்க" என்றாள். "ஆத்தா கூப்பிட்டது என்னையும் இல்லீங்க, இவங்க ரெண்டு பேரையும் இல்லீங்க."

"பைத்தியக்காரி, கையில வந்ததை விடறாளே!" என்று கூட்டத்தில் முணுமுணுத்தார்கள்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். செல்லாத்தாள் கூப்பிட்ட மணி யார்? பசு யார் வீட்டுக்குப் போக வேண்டும்?

விடை: கூப்பிட்டது புருஷனை. அவன் பெயரை வாயால் சொல்லக்கூடாது என்று நேரத்தையும் கோயில் மணியையும்கூட வேறு விதமாகச் சொல்லிக் காலம் தள்ளியவள் அவள். மணிமேகலை வெறும் மேகலையானதும், மற்ற இருவரும் சுப்பு, வேலு என்று ஆனதும் அதனால்தான். அப்படிப்பட்டவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழப் பார்த்தது வாசலில் வந்து நின்றவனுக்காக. வாழ்நாளில் ஒரே ஒரு தடவை அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டாள், பாவம். பசுவின் கதை வேறு. மாடு வளர்ப்பவர்கள் மாட்டைக் கொடுக்கும்போது கயிற்றைக் கூடவே கொடுக்க மாட்டார்கள். பழைய கயிறு வீட்டிலேயே தங்கும், வாங்குகிறவர் தன் கயிற்றில் பிடித்துப்போக வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போகும் முன்பே செல்லாத்தாள் பசுவை மேகலைக்குக் கொடுத்துவிட்டாள், வாங்கியவளுக்குத்தான் அது தெரியவில்லை. ஆணியில் தொங்கிய கயிற்றைப் பார்த்துவிட்டு வந்து, "மாடு உங்களுதுங்க அக்கா" என்று சொன்னவனே வேலுமணிதான். மறுநாள் விடிந்ததும் மேகலை செம்போடு போனாள். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து எத்தனை ஆச்சு என்று யாரும் கேட்கவில்லை. "ஆறு ஆச்சு ஆத்தா" என்று சொல்லிவிட்டுத்தான் கறக்க உட்கார்ந்தாள்.