போனா திரும்பி வர்ற பொம்மை

காலை நீட்டிப் படு. தலகாணியக் கடிக்காத, அது என்ன முறுக்கா? நான் சொல்லச் சொல்ல நீ "ம்" கொட்டணும். கொட்டலன்னா அத்தை பாட்டுக்குப் பாதிக் கதையில தூங்கிருவேன், அப்புறம் என்னக் கேக்கக் கூடாது.

ஒரு ஊர்ல ஒரு அம்மா, ஒரு பையன். அம்மா பேரு காத்தாயி. பையன் பேரு தவசி, இப்பத்தான் நடக்கப் பழகுறான். அவனுக்கு ஒரே வேலைதான். கையில எதக் குடுத்தாலும் பொத்துனு கீழ போடுவான். போட்டுட்டு அம்மா மூஞ்சியப் பாப்பான். அவ குனிஞ்சு எடுத்துக் குடுத்தா மறுபடியும் பொத்து. உன்ன மாதிரியேதான், சிரிக்காத. குனிஞ்சு குனிஞ்சு காத்தாயிக்கு இடுப்பே விட்டுப் போச்சு. அப்புறம் அவ என்ன பண்ணா, ஒரு பழைய அகப்பைய நூல்ல கட்டி, நூலோட இன்னொரு முனைய தன் முந்தானையில முடிஞ்சுக்கிட்டா. அவன் பொத்துனு போடுவான், இவ நின்ன இடத்துலயே சர்ருனு இழுத்துக் குடுப்பா. அவனுக்குச் சிரிப்பு, இவளுக்கு இடுப்பு தப்பிச்சுது.

ம் எங்க? ஆங், அப்படி.

அந்த ஊருக்குப் பக்கத்துல ஒரு மலை. மலை மேல ஒரு பூதம், அதுக்கு ஒரு பூதக்குட்டி. குட்டின்னா உன் உசரம்னு நெனைக்காத, வேப்பமரத்து உசரம். பல்லு மொளைக்கிற வயசு. எதப் பாத்தாலும் லபக்குனு முழுங்கிரும். முழுங்கிட்டு "ஙேஏஏ"ன்னு அழும். அது அழுதா மலையில பாறை உருளும், கடகடகட. ஊர்ல ஓடு சரியும், சரசரசர. தாய்ப்பூதம் பாவம், புள்ளைக்குப் பசிக்குதுன்னு நெனைச்சு இன்னும் எதையாவது அள்ளிக் கொண்டாந்து குடுக்கும். ஒரு உரலக் குடுத்துச்சு, லபக். காத்தாயிக்குப் பக்கத்து வீட்டுல அடைகாத்த கோழியக் கூடையோட தூக்கிக் குடுத்துச்சு, லபக். அப்புறமும் "ஙேஏஏ"தான்.

ஒரு நாள் காலையில தாய்ப்பூதம் குட்டிய இடுப்புல வெச்சுக்கிட்டு தொம் தொம்னு ஊருக்குள்ள வந்துச்சு. அப்போ வாசல்ல தவசி அகப்பைய வெச்சு விளையாடிச் சிரிச்சுக்கிட்டு இருக்கான். பூதம் அதப் பாத்துட்டு அப்படியே நின்னுருச்சு.

"ஏ புள்ள, உன் குட்டி மட்டும் எப்படிச் சிரிக்குது? பொழுது சாயறதுக்குள்ள என் குட்டியச் சிரிக்க வெக்கிற பொம்மை ஒண்ணு பண்ணிக் குடு. முடியலன்னா, உன் குட்டிய விளையாடத் தூக்கிட்டுப் போயிருவேன்."

விளையாடவாம். லபக்குனு முழுங்குற புள்ளைகிட்ட என்ன விளையாட்டு? காத்தாயி தவசிய வாரித் தூக்கினா. ஓடிரலாம்னா பூதம் வாசல அடைச்சுக்கிட்டு உக்காந்துருச்சு. ஊர்க்காரங்க அத்தனை பேரும் கதவச் சாத்தித் தாள் போட்டுக்கிட்டாங்க. ரொம்ப நல்ல ஊரு. ஆனா காத்தாயி அழுதுக்கிட்டு நிக்கல, வீட்டுக்குள்ள என்ன இருக்குன்னு தேடினா.

அடுப்புப் பக்கத்துல ரெண்டு கொட்டாங்கச்சி கெடந்துச்சு. ஒண்ணுல புளியங்கொட்டையப் போட்டு, இன்னொண்ணக் கவுத்து மூடி, துணியால இறுக்கிக் கட்டினா. ஆட்டினா கலகல, கலகல. பூதக்குட்டி வாங்கி ஒரு ஆட்டு ஆட்டுச்சு. கண்ணு விரிஞ்சுது. காத்தாயிக்கு அப்பத்தான் மூச்சு வந்துச்சு. உடனே லபக். வயித்துக்குள்ள போயி கலகலன்னுச்சு. "ஙேஏஏ".

சரி, வாய்க்குள்ள போகாத அளவுக்குப் பெருசாப் பண்ணுவோம்னு அவ தலகாணியெல்லாம் கிழிச்சா. உடுத்தியிருந்தது போக மிச்சச் சேலை எல்லாத்தையும் ஒண்ணோட ஒண்ணு தச்சு, பஞ்சத் திணிச்சு, கரியால கண்ணு மூக்கு எழுதி, கன்னுக்குட்டி பெருசுக்கு ஒரு பொம்மை பண்ணிட்டா. கல்யாணத்துக்கு எடுத்த சேலையும் அதுல போச்சு. பூதக்குட்டி அதக் கட்டிப் புடிச்சுது, மோந்து பாத்துது. அப்புறம் வாயத் தொறந்துது பாரு, ஆஆஆஆ... லபக். "ஙேஏஏ".

ம் சொல்லு. பயமா இருக்கா? எனக்கும்தான். கிட்ட வா.

வீட்டுல ஒண்ணும் மிச்சமில்ல. பொழுது சாயுது. பூதம் தவசியப் பாத்து கைய நீட்டுது. அவனுக்கு என்ன தெரியும், கொழந்த, எப்பவும் போல அகப்பையப் பொத்துனு போட்டுட்டு அம்மா மூஞ்சியப் பாத்தான். காத்தாயியும் பழக்க தோஷத்துல சர்ருனு இழுத்துட்டா. அகப்பை வந்துச்சு, புள்ள கெக்கெக்கேன்னு சிரிச்சான். அப்பத்தான் அவளுக்குப் பொறி தட்டுச்சு. பூதக்குட்டி முழுங்கறதுக்கு முன்னால அழல. முழுங்கின பொறவுதான் அழுவுது.

"நில்லு"ன்னா. "உன் குட்டிக்குப் பசியில்ல. போனது திரும்பி வரலன்னு அழுவுது. இன்னும் பொழுது இருக்கு, கைய எடு."

பூதத்துகிட்டயே அப்படிச் சொல்லிட்டா. பூதமும் கைய எடுத்துருச்சு.

கூரை மேல ஒரு சுரைக்குடுக்கை காஞ்சு கெடந்துச்சு. அத இறக்கி, கிணத்துக் கயித்த அவுத்து, இறுக்கிக் கட்டினா. பூதக்குட்டி கையில குடுத்தா. லபக். கயிறு வாயில தொங்குது. குட்டி "ஙே"ன்னு ஆரம்பிக்குது. காத்தாயி காலத் தரையில ஊனி இழுத்தா. ஏய்ய்ய்... இன்னும் இழுத்தா. ஏய்ய்ய்ய்... ப்ளக்.

குடுக்கை வெளிய வந்து விழுந்துச்சு. குட்டி குடுக்கையப் பாத்துது. காத்தாயியப் பாத்துது. ஊரே கதவிடுக்குல பாக்குது. அப்புறம் பூதக்குட்டி சிரிச்சுது பாரு, கெக்கெக்கெக்கே, கெக்கெக்கெக்கே.

மறுபடியும் லபக். இழுத்தா, ப்ளக். இந்தத் தடவ குடுக்கையோட துணிப்பொம்மையும் சுத்திக்கிட்டு வந்துச்சு. இன்னொரு லபக், இன்னொரு ப்ளக். கொட்டாங்கச்சிக் கிலுகிலுப்பை வந்துச்சு, அது பின்னாலயே கூடையோட கோழி வந்துச்சு, கொக் கொக். கோழி பின்னால வரிசையா குஞ்சுங்க, கீச் கீச் கீச். உள்ளயே பொரிச்சிருச்சு போல. பக்கத்து வீட்டுக்காரி இப்ப மட்டும் கதவத் தொறந்துக்கிட்டு ஓடி வந்தா, என் கோழி என் கோழின்னு. உரல் மட்டும் வரல.

காத்தாயிக்கு உள்ளங்கை தோலு உரிஞ்சு போச்சு. அவ கயித்து முனையக் கொண்டு போயி தாய்ப்பூதத்து கையில வெச்சா.

"பொம்மைய நான் பண்ணிட்டேன். இந்த முனைய நீதான் புடிக்கணும்."

நான் எவ்வளவு பெரிய பூதம், நான் போயி கயிறு இழுக்கிறதான்னு அது மொணமொணத்துச்சு. ஆனா குட்டி லபக்குனு போட்டுட்டு அம்மா மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருக்கு. பூதம் இழுத்துச்சு. ப்ளக். குட்டி தன் அம்மாவப் பாத்துச் சிரிச்சுது. பூதத்துக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு, ஒவ்வொரு சொட்டும் ஒரு குடம். இத்தன நாளா ஊரையே அள்ளி வாயில போட்டேனே, ஒரு தடவ கூட இதோட விளையாடலயேன்னு சொல்லிக்கிட்டே மலையேறிப் போச்சு. குட்டி வயித்துல உரல் மட்டும் டொங் டொங்னு கேட்டுக்கிட்டே போச்சு.

காத்தாயி தவசியத் தூக்கி இடுப்புல வெச்சா. அவன் அகப்பையப் பொத்துனு போட்டான். அவ சிரிச்சுக்கிட்டே இழுத்தா.

என்ன, ம் காணோம்? தூங்கிட்டியா? முந்தானைய விடு, அத்தை போயி கதவத் தாள் போடணும். விட மாட்டியா? சரி, புடிச்சுக்கோ. இந்த முனை என்கிட்டதான் இருக்கு. கதை மலையேறிப் போயிருச்சு, நீ தூங்கு.