தையல்காரர் வீட்டுப் படிகள்

"அறுபது பக்கம் எழுதியிருக்கேன் மேடம். மூணாவது தடவையும் திருப்பி அனுப்பிட்டீங்க. என்னதான் குறை?" என்று கேட்டார் தணிகாசலம்.

அவர் மாநகராட்சியில் சாலைப் பொறியாளர். ஐம்பத்திரண்டு வயது. கேட்டது, சுற்றுச்சூழல் ஆய்வு அதிகாரி மங்கையர்க்கரசியிடம். தன்னைவிடப் பதினாறு வயது சின்னவரிடம் போய்ப் பாடம் கேட்க வேண்டியிருக்கிறதே என்று அவருக்கு வயிற்றெரிச்சல்.

ஒரு தெருவுக்குப் புதுச் சாலை போட அனுமதி கேட்கும் அறிக்கை அது. தூசி, இரைச்சல், மரம், மரத்தில் இருக்கும் அணில் என்று அதில் அவர் எதையும் விட்டுவைக்கவில்லை.

மங்கையர்க்கரசி அதைத் திறக்கவே இல்லை.

"அந்தத் தெருவுல ஜபருல்லான்னு ஒரு தையல்காரர். அவர் வீட்டுக்கு எத்தனை படின்னு பார்த்துட்டு வாங்க, சார்."

என்ன கிண்டலா என்று முனகிக்கொண்டே போனார். உள்ளேயிருந்து தையல்காரர் குரல் கொடுத்தார்.

"தலை இடிக்கும் சார். குனிஞ்சு இறங்கி வாங்க."

திரும்பி வந்து, படியே கிடையாது, சாலையிலிருந்து அரையடி இறங்க வேண்டும் என்றார்.

"சரியா எண்ணலை."

மறுநாளும் போனார். இந்த முறை தையல்காரரிடமே கேட்டுவிட்டார்.

"மூணு படி, சார்."

"எங்கே?"

ஜபருல்லா சாலையைக் காட்டினார்.

பழைய சாலையைச் சுரண்டாமல் அதன் தலையிலேயே புதுச் சாலை. இருபது வருஷத்தில் நான்கு தடவை. மூன்று படியும் அதற்கடியில் புதைந்து கிடந்தன. நான்கையும் போட்டவர் தணிகாசலம்தான்.

போன மழையில் இரண்டு தையல் மெஷினும் மூழ்கிப்போனதாம். இந்த வருஷமும் தண்ணீர் புகுந்தால் வீட்டைப் பூட்டிவிட்டு மச்சான் ஊருக்குப் போக வேண்டியதுதான் என்றார் ஜபருல்லா. குரலில் கோபமே இல்லை. தணிகாசலத்துக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அறுபது பக்கத்தையும் கிழித்துப்போட்டார். பழைய சாலையை முழுக்கச் சுரண்டி எடுத்த பிறகே புதியதைப் போட வேண்டும் என்று ஒரே பக்கம் எழுதினார். மங்கையர்க்கரசி நின்றபடியே கையெழுத்துப் போட்டார்.

சுரண்டும் இயந்திரம் வந்தது. முதல் படி தலைகாட்டியதும் தெருவே கூடி வேடிக்கை பார்த்தது.

ஐப்பசி மழை கொட்டோ கொட்டென்று கொட்டிய ஒரு மத்தியானம், தணிகாசலம் குடைகூட இல்லாமல் ஜபருல்லா வீட்டுக்கு ஓடினார்.

புதுச் சாலையில் தண்ணீர் கணுக்கால் அளவு ஓடியது. கீழ்ப்படியை நனைத்தது. அதற்கு மேல் ஏறாமல் வடிகாலுக்குள் போய்விட்டது.

உள்ளே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் மங்கையர்க்கரசி உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"எத்தனை படி, சார்?" என்று கேட்டார்.

"ஏறி வாங்க, சார்," என்றார் ஜபருல்லா.

தணிகாசலம் தெருவுக்கே கேட்கும்படி எண்ணிக்கொண்டே ஏறினார்.