மைனா கொண்டு வந்த கண்ணு வீச்சு

மருதங்குளத்துக் காட்டெருமைக் கூட்டத்துக்கு அந்த வருஷம் போதாத காலம். மூன்று தாய்களின் கன்றுகள், மாதம் நிறையாமலே உயிரில்லாமல் விழுந்துவிட்டன.

அல்லி என்ற காட்டெருமைக்கு வயிற்றில் தலைச்சன் கன்று. 'அடுத்தது நான்தானோ?' என்ற கவலையில் அவளுக்குப் புல்லும் இறங்கவில்லை, தண்ணீரும் இறங்கவில்லை.

அந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. யாருக்குக் கன்று தவறினாலும் மற்றவர்கள் வரிசையாகப் போய், விழுந்த கன்றை ஒருமுறை நக்கிக்கொடுக்க வேண்டும். துக்கம் விசாரிப்பது அப்படித்தான். அல்லி மட்டும் மூன்று துக்கத்துக்கும் போகவில்லை. வாடை பட்டாலே அவளுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது.

"மசக்கையாம் மசக்கை! நாங்கெல்லாம் பெத்துக்கலையா?" என்று முகம் சுளித்தாள் கூட்டத்தலைவி பெருங்கொம்பி.

அப்போது ஊர்ப்பக்கமிருந்து கீச்சான் என்ற மைனா பறந்து வந்தது. ஒரு கேள்விக்கு ஒன்பது பதில் சொல்லும் வாய் அதற்கு.

"எண்ணக்கா, எல்லாரும் மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கீங்க? ஊர் மாட்டுப் பட்டியிலயும் இதே கதைதாண்! மாட்டு டாக்டர் வந்து நோயோட பேரையே சொல்லிட்டார். கண்ணு வீச்சு!"

"கண் வீச்சா!" பெருங்கொம்பி துள்ளினாள். "அப்போ எவனோ கண்ணு வெச்சுட்டான்!"

எல்லாத் தலையும் மேலே நிமிர்ந்தது. மருத மரப் பொந்தில் ஆந்தை முட்டைக்கண்ணன் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தது. அந்தக் காட்டிலேயே அதைவிடப் பெரிய கண் வேறு யாருக்கு இருக்கிறது?

"பகல்ல தூங்குறவன் தாயி நான்! எனக்கு ஒண்ணும் தெரியாது!" என்று கதறியது ஆந்தை.

யார் கேட்டார்கள்? மரத்தை ஆளுக்கு ஒரு முட்டு முட்டினார்கள். அல்லியும் தன் பங்குக்கு ஒன்று கொடுத்தாள். மரம் ஆடிய ஆட்டத்தில் ஆந்தை தூரத்துப் பாறைக்கு ஓடியே போய்விட்டது.

பத்து நாள் கழித்து, அல்லியின் உயிர்த்தோழி செம்பிக்கும் கன்று தவறியது. இந்தத் துக்கத்துக்குப் போகாமல் இருக்க அல்லிக்கு மனம் வரவில்லை. கண்ணீரோடு வரிசையில் நின்றாள். கீச்சான் அவள் முதுகில் உட்கார்ந்து வாயடித்துக்கொண்டே வந்தது.

"அந்த டாக்டர் சரியாண கறார்க்கா. 'கண்ணு விழுந்தா வெறுங்கையால தொடாதீங்க, குழி வெட்டிப் புதைங்க, சுண்ணாம்பு தூவுங்க'ண்ணார். பட்டிக்காரர் மருமக மாசமா இருக்கா. 'நீ கிட்டயே வராதம்மா, காய்ச்சாத பாலையும் குடிக்காத. உண் வயித்துப் பிள்ளைக்கும் ஆபத்து வரலாம்'ண்ணார்."

அல்லி நின்றாள். "கண்ணு விழுமா? கண்ணை யாராவது குழி வெட்டிப் புதைப்பாங்களா?"

"அதாண் எணக்கும் புரியலை!"

"டேய் கீச்சான், பசு போட்ட குட்டிக்கு என்ன பேரு?"

"கண்ணுக்குட்டி!"

அல்லி சட்டென்று வரிசையை விட்டு விலகினாள். "அடப்பாவி! அது கன்னு வீச்சுடா! கன்னு! மாசம் நிறையாம கன்னு விழுற நோய்!"

கீச்சானின் நாக்குக்கு 'ன'வும் 'ண'வும் ஒன்றுதான். பாவம், கேட்டதைத்தான் சொல்லியிருக்கிறது!

"யாரும் நக்காதீங்க!" என்று கத்தினாள் அல்லி. "முதல் கன்னை நக்கினவதான் ரெண்டாவதா பறிகொடுத்தா. அதை நக்கினவ மூணாவது. இப்போ செம்பி. ஆந்தை போய்ப் பத்து நாளாச்சே, இந்தக் கன்னுக்குக் கண்ணு வெச்சது யாரு?"

பாதி நீட்டியிருந்த பெருங்கொம்பியின் நாக்கு உள்ளே போனது. இரண்டு சினை எருமைகள் மட்டும், "கல்நெஞ்சக்காரி பேச்சைக் கேட்கணுமா?" என்று நக்கிவிட்டே நகர்ந்தார்கள். பின்னால் அந்த இரண்டு கன்றுகளும் தங்கவில்லை.

"நீகூட வரமாட்டியாடி?" என்று அழுதாள் செம்பி.

"கிட்ட வரமாட்டேன் செம்பி. ஆனா உன்னை விட்டுப் போகவும் மாட்டேன்," என்றாள் அல்லி. ஓடைக்கு இந்தப் பக்கம் நின்று, பொழுது சாயும்வரை தோழிக்குக் குரல் கொடுத்துக்கொண்டே இருந்தாள்.

கன்று விழுந்த இடங்களை விட்டுக் கூட்டம் தள்ளிப் போய் மேய்ந்தது. மாதம் நிறைந்ததும் அல்லி ஒரு கன்றை ஈன்றாள். அது எழுந்தது, விழுந்தது, மறுபடி எழுந்து பால் குடித்தது. மறுவாரமே அதை நடத்திக்கொண்டு தூரத்துப் பாறைக்குப் போனாள்.

காலடிச் சத்தம் கேட்டதும் முட்டைக்கண்ணன் இரண்டு கண்களையும் இறுக்க மூடிக்கொண்டது. "நான் பாக்கவே மாட்டேன் தாயி! அதுக்கு ஒண்ணுன்னா என் தலையைத்தான் உருட்டுவீங்க!"

அல்லிக்கு வெட்கமாகப் போய்விட்டது. "மரத்தை முட்டினதுல நானும் ஒருத்தி. மன்னிச்சிருங்கண்ணா. கண்ணைத் திறந்து ஆசை தீரப் பாருங்க!"

ஆந்தை ஒரு கண்ணைத் திறந்தது. அப்புறம் மற்றதையும் திறந்தது. கீழேயிருந்து கன்றும் அதையே முழித்துப் பார்த்தது.

"எண்ண அழகாண கண்ணு!" என்றது கீச்சான்.

"கண்ணா, கன்னா?"

"ரெண்டுந்தாண்க்கா!"

வந்த நோய் இன்னதென்று சரியாகக் கேட்டறியாமல் அடுத்தவர் கண்மேல் பழிபோடுகிறவர்கள், தம் பிள்ளையைக் காக்கும் வழியையும் தவறவிடுவார்கள்.