சரிவில் நிறுத்திய கார்

குன்னூரில் ஓய்வுபெற்ற எஸ்டேட் மேனேஜர் சாமுவேல்ராஜ் தன் பழைய காரை விலைபேசிக்கொண்டிருந்தார். வாங்க வந்தவள் மேட்டுப்பாளையத்து எஸ்தர். அவள் இடுப்பில் ஒரு கைக்குழந்தை; அதற்கு அடிக்கடி வலிப்பு வரும், ஆஸ்பத்திரிக்கு ஓடத்தான் கார்.

"நாலு கம்பெனி கார் வச்சிருந்தேன். பன்னிரண்டு வருஷமா மக்கர் பண்ணாதது இது ஒண்ணுதான். நீயே சொல்லுடா பெள்ளி!"

டிரைவர் பெள்ளியால் தன் எஸ்டேட் துரையை மறுக்கவும் முடியவில்லை, பொய் சொல்லவும் வாய் வரவில்லை.

"அருமையான வண்டிம்மா. உங்க வீட்டு வாசல் சரிவா இருக்குங்களா?"

"சமதளம்தாண்ணா."

"அப்ப தினமும் தள்ளிவிட நாலு ஆளாவது இருக்காங்களா?"

எஸ்தர் குழந்தையை இறுக அணைத்துக்கொண்டாள். பெள்ளியை அடிக்க ஓங்கிய துரையின் கை தானாகவே இறங்கியது.

"வேற வண்டி பாரும்மா," என்றார். "என் சம்சாரத்துக்கு நெஞ்சுவலி வந்த அன்னைக்கு, இதை நான் மேட்டைப் பார்த்து நிறுத்தியிருந்தேன்."