சத்தம் நின்ற கார்

ஒரு வெள்ளைக் காரின் அடியில், வலது முன்சக்கரத்துக்குப் பக்கத்தில், ஒரு கம்பி இருந்தது. நீளம் ஒரு சாண்தான். இரண்டு முனையிலும் கோலிக்குண்டு மாதிரி ஒரு மூட்டு. மெக்கானிக்குகள் அதை லிங்க் என்பார்கள். கார் வைத்திருப்பவர்களில் பாதிப் பேருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

அதன் வேலை, சொல்வது. வலது சக்கரம் பள்ளத்தில் விழுந்தாலும் மேட்டில் ஏறினாலும் அந்த அடியை வாங்கி, காரின் குறுக்கே இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம்வரை படுத்திருக்கும் பெரிய கம்பியிடம் சொல்லும். பெரிய கம்பி உடம்பை முறுக்கிக்கொண்டு இடது சக்கரத்துக்கு மேலே பாரம் தாங்கும் வில்சுருளிடம் சொல்லும். "அங்கே அவனுக்குக் கஷ்டம். நீயும் கொஞ்சம் தோள் கொடு." இதற்கு மேல் அந்தச் செய்தியில் ஒன்றும் கிடையாது. ஆனால் இந்தச் செய்தி போய்ச் சேருகிறவரைதான் கார் வளைவுகளில் சாயாமல் நிற்கும்.

காரின் சொந்தக்காரர் சென்னியப்பன். நாமக்கல்லில் ஒரு கோழித் தீவன ஆலைக்கு மேலாளர். வயது ஐம்பத்தாறு. காரைப் பொத்திப் பொத்தி வைத்துக்கொள்கிற மனிதர்.

அந்தப் பக்கத்து வேகத்தடைகள் சாலையின் ஓரம்வரை போவதில்லை. மழைத் தண்ணீர் ஓட ஒரு முழம் இடம் விட்டிருப்பார்கள். வேகத்தடை வந்தால் சென்னியப்பன் காரை ஓரமாக ஒடித்து இடது சக்கரத்தை அந்தச் சந்தில் விட்டுவிடுவார். வலது சக்கரம் மட்டும் மேட்டில் ஏறி இறங்கும். "பாத்தியா, வண்டிக்குப் பாதி அடிதான்" என்று மனைவி தனபாக்கியத்திடம் பெருமையாகச் சொல்வார்.

அடி பாதியாகவில்லை. இடது பக்கத்துக்காரன் தப்பித்தான், அவ்வளவுதான்.

"தம்பி, இன்னைக்கு மட்டும் இருபத்திரண்டு மேடு. எண்ணிட்டேன்" என்று வலது சுருள் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லும்.

கம்பி அதைச் சொல்லி அனுப்பும். இடது சுருளுக்குக் கோபம் வரும். "ஏன்டா இழுக்கறே? இங்க ரோடு நல்லாத்தானே இருக்குது!"

"உனக்கு நல்லா இருக்குது. அவனுக்கு இல்லை."

"உனக்கு இதே பொழப்பாப் போச்சு" என்று முனகிக்கொண்டே இடது சுருள் கொஞ்சம் இறங்கிக் கொடுக்கும். முனகினாலும் கொடுக்கும். ஒன்பது வருஷம் அப்படித்தான் ஓடியது.

ஒன்பதாவது வருஷம் கம்பியின் மூட்டுத் தேய்ந்து தளர்ந்தது. குரல் கெட்டுவிட்டது. முன்பெல்லாம் யார் காதிலும் விழாமல் வேலை செய்த கம்பி இப்போது சின்னக் கல்லுக்கும் "டொக்" என்றது, பெரிய பள்ளத்துக்கும் "டொக்" என்றது.

காருக்குள் இன்னொரு சத்தமும் இருந்தது. அது தனபாக்கியம்.

அவர்களுடைய ஒரே மகன் மாதேசு, படித்த படிப்பையும் அப்பா வாங்கிக் கொடுத்த ஆலை வேலையையும் விட்டுவிட்டுக் கொல்லிமலையில் மிளகு போடப் போயிருந்தான். போய் இரண்டு வருஷம். அப்பாவும் மகனும் பேச்சு இல்லை. தனபாக்கியம்தான் பேசினாள்.

"அவனுக்கு இந்த வருசம் கொடி நல்லாப் புடிச்சிருக்குதாமா."

சென்னியப்பன் கியரை மாற்றுவார்.

"மழையில கூரை ஒழுகுதாமாங்க."

ஹாரனை அழுத்துவார்.

"உங்களுக்குச் சக்கரை எவ்வளவு இருக்குதுன்னு கேட்டான்."

ஒரு நாள் சென்னியப்பன் ஸ்டீயரிங்கைத் தட்டினார். "பாக்கியம், தொணதொணன்னு அவன் பேச்சையே எடுத்துட்டு! இனி எடுக்காதே. நானா கேட்டாச் சொல்லு. ரோட்டுல போறப்பவும் மெதுவா, பள்ளம், லாரின்னு உயிரை எடுக்காதே. என்னை நிம்மதியா ஓட்ட விடு."

தனபாக்கியம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அன்றோடு நிறுத்திவிட்டாள்.

இரண்டு சத்தத்தில் ஒன்று நின்றதும் மற்றது பெரிதாகக் கேட்டது. மாசி மாதம் ஒரு சாயங்காலம் சென்னியப்பன் காரைச் சின்னராசுவின் பட்டறையில் கொண்டுபோய் நிறுத்தினார்.

சின்னராசு காரைத் தூக்கி, சக்கரத்தைக் கழற்றி, கம்பியை விரலால் ஆட்டிப் பார்த்தார். அது ஆடியது.

"லிங்க் போச்சுங்ணா. ரெண்டு பக்கமும் சேத்து மாத்திடலாம். சேலத்துல இருந்து வரணும். ரெண்டு நாள் ஆகும்."

"நாளைக்குக் காலைல கொல்லிமலைக் கோயிலுக்குப் போகணும்ப்பா. வருசா வருசம் போறது."

"அப்ப இப்படியே போயிட்டு வாங்க. சத்தம் வரும், வரட்டும். கொஞ்சமாச்சும் வேலை செய்யும்."

"அந்தச் சத்தம்தான்யா எனக்கு ஆகறதில்லை. மண்டைக்குள்ள சுத்தியல்ல தட்டற மாதிரி இருக்குது. கழட்டி விடு."

சின்னராசு கையைத் துடைத்துக்கொண்டே நின்றார். "கழட்டுனாச் சத்தம் நின்னுரும். வளைவுல வண்டி சாயும்ங்ணா. மலைக்கு ஆகாது."

"முப்பது வருசமா ஓட்டறேன். எனக்குத் தெரியாதா? நீ கழட்டு."

கம்பி கழன்று வந்தது. சின்னராசு அதை ஒரு பழைய துணியில் சுருட்டி டிக்கியில், ஸ்டெப்னிச் சக்கரத்தின் குழிக்குள் வைத்தார். "புதுசு வாங்கறப்ப அளவு பாக்க ஆகும். கிடக்கட்டும்."

வீட்டுக்குப் போகிற வழியில் ஒரு சத்தம் இல்லை. "புது வண்டி மாதிரி ஆயிருச்சு பாரு" என்று சென்னியப்பன் சொன்னார். பக்கத்து இருக்கையில் இருந்த தனபாக்கியத்திடமிருந்தும் ஒரு சத்தம் இல்லை.

டிக்கிக்குள் ஸ்டெப்னி பேச ஆள் கிடைத்த சந்தோஷத்தில் இருந்தது. "வாப்பா, வா. என்ன குத்தம் பண்ணினே?"

"சொன்னேன்."

"என்னத்தை?"

"வலிக்குதுன்னு. எனக்கில்லை, அவனுக்கு."

"அடப்பாவி! ஊரான் வலியைச் சொல்லியா உள்ள வந்தே?" ஸ்டெப்னி குலுங்கிச் சிரித்தது. "என்னைப் பாரு. ஒன்பது வருசம். ஒரு கல்லை மிதிச்சதில்லை, ஒரு வார்த்தை பேசினதில்லை. பொறந்தப்ப உடம்புல இருந்த ரப்பர் முடிகூட இன்னும் உதிரலை. சும்மா கெட. சும்மா கெடக்கறவனை யாரும் கழட்ட மாட்டாங்க."

துணிக்குள் இருட்டாக இருந்தது. கம்பி தன்னையே கேட்டுக்கொண்டது: நான் சொன்னது செய்தியா, வெறும் சத்தமா? கல்லுக்கும் டொக், பள்ளத்துக்கும் டொக் என்றால் கேட்கிறவன் எதை எடுத்துக்கொள்வான்? எல்லாவற்றுக்கும் ஒரே வார்த்தை சொல்கிறவனை யார்தான் பொறுப்பார்கள்? ஒருவேளை அவர் செய்ததுதான் சரியோ? நான் இல்லாமலே அவர்கள் நன்றாக இருக்கிறார்களோ?

யோசிக்க யோசிக்க அதற்குப் பயமாக இருந்தது. தான் தேவையில்லை என்பதைவிட, தேவையா இல்லையா என்று தனக்கே தெரியவில்லை என்பதுதான் பயமாக இருந்தது.

மறுநாள் காலையில் கார் கொல்லிமலை ஏறியது. மேலே போக எழுபது கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதிய கல் நின்றது.

ஐந்தாவது வளைவிலேயே கீழேயிருந்து குரல் வந்தது.

"தம்பி! எங்கடா போயிட்டே?" வலது சுருள் மூச்சு முட்டிக் கத்தியது. "மொத்தப் பாரமும் என் மேல வந்து உக்காருதுடா. அவனை இறங்கிக் குடுக்கச் சொல்லு!"

இடது சுருள் காற்றில் கால் தொங்கப் போட்டது மாதிரி இருந்தது. "எனக்கென்ன, சுகமா மிதக்கறேன். ரோடு நல்லாத்தானே இருக்குது?"

"பெரியவரே, நீங்களாச்சும் சொல்லுங்க" என்று கம்பி டிக்கியிலிருந்து கெஞ்சியது.

"எதை வெச்சுச் சொல்ல? எனக்கு ஒரு கையைக் கழட்டிட்டாங்களே" என்றது குறுக்குக் கம்பி.

ஷாக் அப்சார்பர் எண்ணெய் கட்டிய குரலில் இளைத்தது. "நான் ஆட்டத்தை அடக்குவேன் தம்பி. சாய்வை நிறுத்தறது என் வேலையில்லை."

வளைவுக்கு வளைவு தனபாக்கியத்தின் வளையல்கள் ஜன்னல் கண்ணாடியில் மோதுகிற சத்தம் கேட்டது. அவள் தலைக்கு மேலிருந்த பிடியை இறுக்கிப் பிடித்திருந்தாள். வாய் திறக்கவில்லை. வண்டி சத்தமில்லாமல் போனதால் சென்னியப்பனுக்கு எல்லாம் சரியாக இருப்பதாகத் தோன்றியது. வலது கால் தானாக ஆக்சிலரேட்டரை அழுத்தியது.

"நான் சத்தம் போடப் போறேன்" என்றது கம்பி.

"பைத்தியமா உனக்கு?" ஸ்டெப்னி பதறியது. "சத்தம் போட்டா டிக்கியைத் திறப்பாரு. திறந்தா, எடுத்துப் பள்ளத்துல வீசுவாரு. இந்த மலையில விழுந்தா உன்னைத் தேட ஆள் வராது."

"தெரியும்."

"அப்புறம்?"

"நான் வெறும் சத்தமா இல்லையான்னு இன்னைக்குத் தெரிஞ்சிரும்."

ஒவ்வொரு வளைவிலும் துணி கொஞ்சம் கொஞ்சமாக நெகிழ்ந்தது. கம்பியும் உடம்பை நெளித்துக்கொண்டே வந்தது. ஐம்பத்தேழாவது வளைவில் கார் சாய்ந்த சாய்ச்சலில் அது துணியைவிட்டு வெளியே வந்து, குழியின் இரும்பில் தன் முழு உடம்பையும் அடித்தது.

டொக்!

ஒழிந்தது என்று நினைத்த சத்தம். சென்னியப்பனின் கால் தானாக மேலே எழுந்தது. "சே! மறுபடியுமா?" என்று காது கொடுத்துக்கொண்டே அவர் வேகத்தைக் குறைத்தார்.

டொக்! டொக்!

இன்னும் குறைத்தார். ஐம்பத்தெட்டாவது வளைவுக்குள் கார் நடை வேகத்தில் நுழைந்தபோது, எதிரே ஒரு பேருந்து வளைவு முழுவதையும் அடைத்துக்கொண்டு இறங்கி வந்தது. அந்த மெதுவான வேகத்திலும் கார் அதன் பக்கமாகவே சாய்ந்தது. கண்ணாடிக்கும் பேருந்துக்கும் நடுவே ஒரு கை நுழையும் இடம் இருந்தது. பேருந்து கடந்து போயிற்று.

சென்னியப்பன் காரை ஓரங்கட்டினார். கொஞ்ச நேரம் ஸ்டீயரிங்கை விடவில்லை. பிறகு இறங்கிப் போய் டிக்கியைத் திறந்து, தரைவிரிப்பைத் தூக்கி, கம்பியைக் கையில் எடுத்தார். பயம் அவருக்குக் கோபமாகத்தான் வந்தது.

"கழட்டிப் போட்டாலும் இது வாயை மூடாது போல!"

பள்ளத்தாக்கைப் பார்த்துக் கையை ஓங்கினார். கம்பிக்குக் கீழே வெறும் காற்று தெரிந்தது.

"எறியாதீங்க." தனபாக்கியம் இறங்கி வந்திருந்தாள்.

"ஏன்?"

"இந்த வண்டியில சொல்றதுக்கு அது ஒண்ணாச்சும் இருக்கட்டும்."

ஓங்கிய கை அப்படியே நின்றது. பிறகு மெல்லக் கீழே வந்தது.

"வண்டி சாயுதுன்னு உனக்குத் தெரிஞ்சுதா?"

"பத்தாவது வளைவுலயே தெரிஞ்சுது."

"ஏன் சொல்லலை?"

அவள் அவரைப் பார்த்தாள்.

சென்னியப்பன் கம்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு முனையின் மூட்டு தேய்ந்து பளபளவென்று இருந்தது. தடுப்புச் சுவரில் உட்கார்ந்திருந்த குரங்கு ஒன்று, தின்ன ஏதோ வைத்திருக்கிறார் என்று நினைத்து அருகில் வந்து, ஏமாந்து போயிற்று.

கம்பியையே பார்த்தபடி அவர் கேட்டார். "மாதேசு எப்படி இருக்கறான்?"

கேட்டது நிஜமா என்று தனபாக்கியம் அவர் முகத்தைப் பார்த்தாள்.

"கை ஒடிஞ்சிருக்குதுங்க. மிளகு பறிக்கறப்ப ஏணி சரிஞ்சுடுச்சு. வலது கை. மூணு வாரமாச்சு."

"மூணு வாரமா?"

"ம்."

"மூணு வாரமா நீ..." என்று தொடங்கியவர் முடிக்கவில்லை. அந்த மூன்று வாரமும் அவர் மூன்று வேளையும் நன்றாகச் சாப்பிட்டிருந்தார். வீடு நிம்மதியாக இருக்கிறது என்று ஆலையில் ஒருவரிடம் சொல்லிக்கூட இருந்தார்.

ஒன்பது வருஷமாகச் சக்கரத்தின் நடுக்கத்தை வாங்கிப் பழகிய கம்பி, அன்றைக்கு ஒரு கையின் நடுக்கத்தை வாங்கியது. அதைக் கொண்டுபோய்ச் சேர்க்க அதற்கு எதிர்ப்பக்கம் இல்லை. தேவையும் இருக்கவில்லை. பக்கத்தில் நின்றவள் அந்தக் கையை, கம்பியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"கோயிலுக்கு அப்புறம் போலாம்" என்றார் சென்னியப்பன். "அவன் வீட்டுக்கு எப்படிப் போகணும்?"

"சொல்றேன். நீங்க ஓட்டுங்க."

அவர் கம்பியை டிக்கிக்குள் திரும்ப வைக்கவில்லை. முன்கண்ணாடிக்குக் கீழே, தன் கண்ணுக்கு எதிரே, துணி சுற்றாமல் வைத்தார். காரை முதல் கியரில் எடுத்தார்.

"எறிஞ்சாச்சா?" என்று பின்னாலிருந்து ஸ்டெப்னி ஆவலாகக் கேட்டது.

அடுத்த வளைவில் கம்பி உருண்டு கண்ணாடியில் மோதியது. டொக்.

"மெதுவாங்க" என்றாள் தனபாக்கியம்.

"சரி."

"எதுக்க வேன் வருது."

"பாத்துட்டேன்." ஒரு விநாடி கழித்து அவர் சொன்னார், "இருந்தாலும் சொல்லு."

மேலே இன்னும் பதினொரு வளைவுகள் இருந்தன. பதினொன்றிலும் கம்பி பேசியது. யாரும் அதை நிறுத்தச் சொல்லவில்லை.